சிறையிலிருந்து ஒரு மடல்: விசுவாசமும் சட்ட மறுப்பும்

அநீதியான சட்டத்தை மீறுவதற்குக் கிறித்தவ விசுவாசம் இடமளிக்குமா? இவ்வினாவுக்குக் கடந்த நூற்றாண்டில் எழுந்த மறுமொழிகளுள் பெரிதும் பேசப்படுவது, அமெரிக்காவின் பர்மிங்ஹாம் நகரச் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய மடலாகும். 1963 ஏப்ரல் 16 எனத் தேதியிட்ட அம்மடலைப் போற்றுவோர் பலர்; அதன் வாதத்தை நிறுத்துப் பார்ப்போர் சிலரே. அப்பணியையே நாம் இங்கு மேற்கொள்கின்றோம்.

பர்மிங்ஹாமில் அன்று நிறப் பிரிவினை கோலோச்சியது. அதனை எதிர்த்த ஊர்வலங்களை மாநில நீதிமன்றம் ஆணையிட்டுத் தடுத்தது. பாப்திஸ்த பாதிரியாரான கிங் அத்தடையை அறிந்தே மீறி, ஏப்ரல் 12, பெரிய வெள்ளியன்று கைதானார். அதே நாளில் வெள்ளையினச் சமயத் தலைவர் எண்மரின் அறிக்கை வெளிவந்தது. அவர்களுள் எழுவர் கிறித்தவர். ஒருவர் யூத ரப்பி. போராட்டம் விவேகமற்றது, காலத்திற்கு ஒவ்வாதது, உரிமைகளை நீதிமன்றத்திலும் பேச்சுவார்த்தையிலும் தேட வேண்டும் என்பது அதன் சாரம். அதற்கான மறுமொழியே இம்மடல். எனவே இது விசுவாசிக்கும் அவிசுவாசிக்கும் இடையிலான வழக்கன்று. வேதத்தை ஓதுவோர் தமக்குள் நிகழ்த்திய வழக்கு.

கிங் எதிர்கொண்ட இடர்ப்பாடு எளிதன்று. பள்ளிகளில் பிரிவினை கூடாது என்ற 1954 ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பிறர் மதிக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். அவரே இன்னொரு நீதிமன்ற ஆணையை மீறுவது எங்ஙனம் பொருந்தும்? மடல் இம்முரண்பாட்டை மறைக்கவில்லை. சட்டம் இருவகைப்படும் என்று விடை பகர்கின்றது. அகஸ்தீன், தாமஸ் அக்குவினாஸ் ஆகியோரைத் துணைக்கழைத்து, இறைநியதிக்கு இசைந்த சட்டம் நீதியானது, அதற்கு முரணானது அநீதியானது என வரையறுக்கின்றது. மனித மாண்பைத் தாழ்த்தும் சட்டம் இரண்டாம் வகையில் அடங்கும்.

இவ்வரையறை அழகியது, ஆயினும் போதுமானதன்று என்பது நம் கருத்து. இறைநியதி யாது எனத் தீர்மானிப்பவர் யார்? கலப்பு மணம் புரிந்த லவிங் தம்பதியரின் வழக்கில், இறைவன் இனங்களை வெவ்வேறு கண்டங்களில் வைத்ததே அவை கலக்கலாகாது என்பதற்குத்தான் என்று வர்ஜீனியா நீதிபதி ஒருவர் எழுதினார். அவரும் இறைவனின் பெயராலேயே பேசினார். விசுவாசம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால், இருவருள் யார் பக்கம் நியாயம் என்பதை எதனைக் கொண்டு அறிவது?

இவ்விடத்தில் மடலே தன்னைக் காத்துக்கொள்கின்றது. அடுத்து அது வேறிரு அளவுகோல்களை முன்வைக்கின்றது. பெரும்பான்மையினர் தம்மைக் கட்டுப்படுத்தாத ஒன்றைச் சிறுபான்மையினர் மீது சுமத்தினால் அச்சட்டம் அநீதியானது. வாக்குரிமை மறுக்கப்பட்டோர் மீது, அவர்தம் பங்கின்றி இயற்றப்பட்டதும் அநீதியானதே. இவற்றை எச்சமயத்தவரும், சமயமில்லாதவரும்கூடச் சோதித்தறியலாம். மடலின் உண்மையான வலிமை இங்கேதான் இருக்கின்றது. சட்டத்தை எதிர்த்து நிற்கும் துணிவை விசுவாசம் தரலாம். அச்சட்டம் அநீதியானது என்பதற்குரிய சான்றை எவரும் காணத்தக்க நீதியே தர வேண்டும்.

மடலில் நாம் காணும் குறை ஒன்றுண்டு. ஆளும் அதிகாரங்கள் இறைவனால் ஏற்படுத்தப்பட்டவை, அவற்றுக்குக் கீழ்ப்படிய வேண்டும் எனப் பவுல் உரோமையருக்கு எழுதிய நிருபத்தின் 13 ஆம் அதிகாரம் கூறுகின்றது. சட்ட மறுப்பை எதிர்க்கும் கிறித்தவர் முதலில் எடுத்துக்காட்டுவது அதனையே. கிங் பவுலின் பயணங்களைச் சுட்டுகின்றார். இப்பகுதியை எடுத்துப் பேசவில்லை. மனிதருக்கு அன்று, இறைவனுக்கே முதலில் கீழ்ப்படிய வேண்டும் என்று அப்போஸ்தலர் உரைத்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் 5 ஆம் அதிகாரம் கூறுவதை இதனுடன் இணைத்து ஆராய்ந்திருப்பின், மடலின் வாதம் மேலும் உறுதி பெற்றிருக்கும்.

எனினும் சொல்லில் விடுபட்டதைச் செயல் நிறைவு செய்தது. அநீதியான சட்டத்தை மீறுபவர் வெளிப்படையாகவும் அன்போடும் மீற வேண்டும், தண்டனையை ஏற்கவும் வேண்டும் என்பது மடலின் நிபந்தனை. 1967 இல் உச்ச நீதிமன்றம், தடையாணையை நீதிமன்றத்தில் எதிர்த்திருக்க வேண்டுமேயன்றி மீறியிருக்கலாகாது என்று ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில் தீர்த்து, தண்டனையை உறுதி செய்தது. கிங் தப்ப முயலவில்லை. அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் தாமே வந்து சிறை புகுந்தார். அந்த ஊர்வல வழக்கில் ஷட்டில்ஸ்வொர்த் பெற்ற தண்டனையை 1969 இல் அதே நீதிமன்றம் நீக்கியது. கிங் அதனைக் காணவில்லை. தண்டனையை ஏற்பவர் சட்டத்தின் ஆட்சியை மறுக்கவில்லை. ஓர் அநீதியை மட்டுமே மறுக்கின்றார். பவுலின் நிருபத்துக்கும் அப்போஸ்தலரின் மறுப்புக்கும் இடையே ஓடும் இணக்கம் இதுவே.

நம் மரபை அறிந்தோருக்கு இது புதிதன்று. தம் படைவீரரை நெருப்பில் புகுமாறு ஒரு தளபதி பணித்தபோது, கீழ்ப்படிதல் நன்மையில் மட்டுமே என நபிகள் நாயகம் (ஸல்) தெளிவுபடுத்தினார்கள். கலீஃபா மஃமூன் 833 இல் தொடங்கிய கொள்கைச் சோதனையில் இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) ஆட்சியாளரின் கொள்கையை ஏற்க மறுத்தார். முஃதஸிம் காலத்தில் கசையடி பட்டார். ஆயினும் கிளர்ச்சிக்கு அழைத்தோருக்கு இணங்கவில்லை. மறுத்தார், தண்டனையைப் பொறுத்தார், வாளெடுக்கவில்லை.

அதே வேளையில், அதிகாரமுடையோருக்குக் கீழ்ப்படிவது பற்றிய இறைவசனத்தை, அநீதிக்கு முன் வாய்மூடி நிற்பதற்குரிய சாக்காகக் காட்டுவோர் நம்மிலும் உளர். அந்த எண்மரும் தீயோரல்லர். அமைதியை நீதிக்கு முற்படுத்தியதே அவர்தம் பிழை. அப்பிழை எச்சமயத்தவருக்கும் நேரக்கூடியது. ஆதலின் இம்மடலைப் பிறர் வீட்டு வழக்கெனக் கருதாது நமக்கு எழுதப்பட்டதாகவே நாம் பயில வேண்டும். அல்லாஹ்வே மிக அறிந்தவன்.