நாலு சீட்டில் கேட்பது

முன்னூற்று நாலு ஆட்டத்தின் மிக அழகான கட்டம் முதல் சீட்டு இறங்குவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. நால்வர் கையிலும் நாலு நாலு சீட்டு. ஆளுக்கு மிச்ச நாலு இன்னும் கட்டில் இருக்கிறது. ஆனால் எத்தனை புள்ளி எடுப்போம் என்று இப்போதே கேட்டாக வேண்டும். கேள்வியில் ஜெயித்தவர் துருப்பையும் இந்த நாலிலிருந்தே எடுத்துக் கவிழ்த்து வைக்க வேண்டும். பாதிக் கையை வைத்து முழுக் கைக்கு வாக்குக் கொடுக்கிற கலை இது.

தமிழ்நாட்டில் பனமலைப் பக்கம் சீட்டு என்றால் ரம்மிதான். முன்னூற்று நாலு யாழ்ப்பாணத்தில் வேரோடிய ஆட்டம். ஆனாலும் அதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய பனமலை தாளகிரீசுவரர் கோயில் ஓவியம்தான் நினைவுக்கு வரும். அங்கே ஆடும் சிவன் பெரும்பாலும் அழிந்துபோனான். குடைக்கீழ் ஒரு காலை மடித்துச் சாய்ந்து பார்க்கும் தேவி மிஞ்சியிருக்கிறாள். அவள் நிற்கும் விதத்திலிருந்து அந்த ஆட்டத்தை நாம் ஊகித்துக்கொள்கிறோம். நல்ல கேள்விக்காரர் தன் நாலு சீட்டைப் பார்ப்பதும் அப்படித்தான்.

இரண்டு முதல் ஆறு வரை நீக்கினால் 32 சீட்டு. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டும் ஏழும் வெறுஞ்சீட்டு. ஓர் இனத்துக்கு 76, நாலு இனத்துக்கு 304. ஐரோப்பாவின் ஜாஸ் வகை ஆட்டங்களில் துருப்பு இனத்தில் மட்டும் ஜாக்கிக்கும் ஒன்பதுக்கும் கிடைக்கும் மரியாதை இங்கே நாலு இனத்திலும் உண்டு. கேள்வி பெரும்பாலும் 160-இல் தொடங்கும். மொத்தத்தில் பாதி 152 என்பதால், மிகச் சிறிய கேள்வியே பாதிக்கு மேல் எடுப்பதாகச் சொல்லும் வாக்குதான்.

இரண்டு கைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் இஸ்பேடு ஜாக்கி, ஆர்ட்டின் ஜாக்கி, டைமண்ட் பத்து, கிளாவர் ராஜா: 73 புள்ளி. இன்னொன்றில் கிளாவர் ஜாக்கி, ஒன்பது, எட்டு, வெளியே ஓர் ஆஸ்: 61 புள்ளி. புதிதாக ஆடுபவர் முதல் கையில் மயங்குவார். நான் இரண்டாவதில் கேட்பேன். அந்தக் கிளாவர் எட்டுக்குப் புள்ளி கிடையாது, ஆனால் துருப்பானதும் வெளி இன ஜாக்கியையே வெட்டிவிடும். மிச்சமுள்ள 28 சீட்டில் ஐந்து கிளாவர் இருக்கிறது. எனக்கு வரப்போகும் நாலில் ஒன்றாவது கிளாவராக இருக்க 100-க்கு ஏறத்தாழ 57 வாய்ப்பு. நான் தேடும் கிளாவர் ஆஸ் எனக்கோ என் கூட்டாளிக்கோ வர ஏழில் மூன்று வாய்ப்பு. இந்தக் கணக்கை மனத்துக்குள் முடித்துவிட்டு, முகம் மாறாமல் “நூற்று எழுபது” என்று சொல்பவரைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

போக்கரில் இதற்கு நெருங்கிய உறவு ஒமாஹா. அங்கேயும் கையில் நாலு சீட்டு. நடுவில் விரியும் ஐந்தைப் பார்க்குமுன்பே முதல் பந்தயம். கையிலிருந்து சரியாக இரண்டு, நடுவிலிருந்து மூன்று என்பது சட்டம். நாலு சீட்டுக் கைகள் மொத்தம் 2,70,725. இவற்றில் குறைந்தது இரண்டு ஆஸ் உள்ளவை 6,961, அதாவது ஏறத்தாழ நாற்பதுக்கு ஒன்று. இரண்டே சீட்டு கிடைக்கும் டெக்சாஸ் ஹோல்டெமில் ஆஸ் ஜோடி ராஜ்ஜியம் செய்யும். ஒமாஹாவில் வேறு வேறு இனத்து ஆஸ் இரண்டோடு ஒட்டாத ஏழும் இரண்டும் சேர்ந்தால் அது பலம் குன்றிய கை. 9-8-7-6 என்று இரண்டிரண்டாக இனம் சேர்ந்து வரும் கை அதற்குக் கிட்டத்தட்டச் சமமாக நிற்கும். ஆஸ் இரண்டு, ராஜா இரண்டு, இரண்டு இனத்திலும் ஜோடி சேர்ந்தால் அதுதான் ஒமாஹாவின் உச்சக் கை. நாலும் ஒன்றுக்கொன்று துணை நிற்பதே அதன் பலம்.

கேள்வி என்பது பேச்சும்கூட. நிறையப் பணம் பின்னால் இருக்கும்போது ஒமாஹாவில் வெறும் ஆஸ் ஜோடிக்காகப் பந்தயத்தை மறுபடி உயர்த்தினால், மேசையில் உள்ள எல்லோருக்கும் கையைத் திறந்து காட்டியது போலத்தான். பணத்தின் பெரும்பகுதி அப்போதே உள்ளே போய்விடுமென்றால் மட்டும் அந்த உயர்த்தல் தகும். முன்னூற்று நாலில் திடீரென்று 200 கேட்பவரும் தன் ஜாக்கியையும் ஒன்பதையும் அறிவித்துவிடுகிறார். ஆனால் இங்கே பேச்சைக் கேட்க எதிரே ஒரு கூட்டாளி இருக்கிறார். எந்த இனம் என்பதோ கவிழ்த்த சீட்டுக்குள் மறைந்திருக்கிறது. சொல்லியும் சொல்லாமலும் கேட்கும் இந்த நயம் ஒமாஹாவில் இல்லை. அதனால் என் கண்ணுக்கு முன்னூற்று நாலே உயர்ந்த ஆட்டம்.

ரம்மி, போக்கர் போலப் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடுத்தது. முன்னூற்று நாலுக்கு ஒரு பைசாவும் தேவையில்லை. வீட்டில் கிடக்கும் கட்டிலிருந்து 20 சீட்டை எடுத்து வையுங்கள், நால்வராக உட்காருங்கள், நாலு நாலாகப் போடுங்கள், கேட்டுப் பாருங்கள்.