184 அத்தியாயமும் ஒரு ராக்கூத்தும்

'த ஃபிளாஷ்' என்ற சூப்பர்ஹீரோ தொடர் 2014இல் தொடங்கி 2023இல் முடிந்தபோது 184 அத்தியாயங்கள் சேர்ந்திருந்தன. ஒன்றுக்கு 42 நிமிடம் என்று வைத்தாலும் 128 மணி நேரத்துக்கு மேல் போகும். 'ஸ்மால்வில்' அதைவிட நீளம்: 2001 முதல் 2011 வரை பத்துப் பருவங்கள், 217 அத்தியாயங்கள். விடியுமுன் எழுந்து சமைத்து, கைப்பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, கொழுந்துக்குப் போய் அந்தியில் லயத்துக்குத் திரும்புகிற ஒரு பெண் இரவுக்கு ஓர் அத்தியாயம் பார்த்தாலும் ஃபிளாஷை முடிக்க ஆறு மாதம் பிடிக்கும். அதுவும் ஓர் இரவும் கண் அசராமல் இருந்தால்.

இப்படிப்பட்ட தொடரைத் தொடங்கலாமா என்று கேட்டால், ரசிகர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: முதல் பருவத்தைப் பொறுத்துக்கொள், பிறகு பிடித்துவிடும். ஃபிளாஷின் முதல் பருவம் 23 அத்தியாயம், அதாவது பதினாறு மணி நேரம். அவ்வளவு பொறுமையை முன்பணமாகக் கேட்கும் கதையைச் சந்தேகிப்பதில் தவறில்லை. பாதியில் வந்தவரையும் நடுவில் தூங்கிப் போனவரையும் கதை சேர்த்துக்கொள்கிறதா என்று பார்ப்பது இதைவிட நல்ல அளவுகோல். மலையகத்துக்கு அந்த அளவுகோல் பழக்கமானது. ரூபவாஹினி 1982இல் ஒளிபரப்பைத் தொடங்குவதற்கும், நுவரெலியாவுக்கு மேலே 2,524 மீற்றர் உயரப் பிதுருதலாகல மலையில் தொலைக்காட்சிக் கோபுரம் எழுவதற்கும் வெகுகாலம் முன்பே தோட்டங்களில் நெடுங்கதைகள் ஓடிக்கொண்டிருந்தன.

காமன் கூத்தை எடுத்துக்கொள்ளலாம். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் கம்பம் நட்டால், பௌர்ணமி வரை இரவில் அதைச் சுற்றித் தப்படித்துப் பாடுவார்கள். கடைசி இரவு முழுக் கூத்து. ரதி மதன் கல்யாணம், தூதன் வருகை, தக்கன் யாகம், வீரபத்திரன், எமன் என்று காட்சிகள் நகரும். வரிசை தோட்டத்துக்குத் தோட்டம் கொஞ்சம் மாறும். இறுதியில் சிவன் நெற்றிக்கண் திறந்து மதனை எரிப்பார், ரதி அழுது மன்றாட மதன் மீள்வான். வந்தவர்கள் எல்லாரும் எல்லாக் காட்சியையும் பார்ப்பதில்லை. பிள்ளைகள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு களத்து ஓரத்திலேயே தூங்கும், பெரியவர்கள் தேத்தண்ணிக்கு எழுந்து போவார்கள். வீரபத்திரன் இறங்கும் நேரம் தப்பின் அடி மாறும். அதைக் கேட்டுத் தூங்கினவர்கள் தாமாக எழுந்து உட்கார்வார்கள்.

முடிவு தெரிந்தே பார்க்கும் கூட்டம் அது. மதன் எரியப் போகிறான் என்பது அங்கே யாருக்கும் இரகசியமில்லை. தஞ்சைப் பக்கத்து லாவணிப் பாடகர்கள் ஒரு படி மேலே போய், 'எரிந்த கட்சி', 'எரியாத கட்சி' என்று பிரிந்து, காமன் எரிந்தானா இல்லையா என்பதையே இரவெல்லாம் வாதாடினார்கள். கதையைச் சொல்லிவிட்டால் சுவை போய்விடும் என்று இன்றைய ரசிகர்கள் பதறுவதை அவர்கள் பார்த்தால் சிரித்திருப்பார்கள்.

நல்ல தொடர்களும் இதை அறிந்தவைதான். ஃபிளாஷின் முதல் அத்தியாயமே, 2024ஆம் ஆண்டுத் தேதியிட்ட ஒரு செய்தித்தாளில் 'ஃபிளாஷ் மாயம்' என்ற தலைப்பைக் காட்டி முடிகிறது. ஸ்மால்வில்லின் பையன் சூப்பர்மேன் ஆகப் போகிறான் என்பது உலகத்துக்கே தெரியும். ஆனால் அந்த உடையோடு அவனைக் காண 2011இன் கடைசி அத்தியாயம் வரை காத்திருக்க வேண்டும். பத்து ஆண்டு இழுத்தது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் அதன் தொடக்கப் பருவங்களில் விண்கல்லால் சக்தி பெற்ற வில்லன் ஒருவன் வாரம்தோறும் வந்து அந்த வாரமே முடிந்துபோவான். நான்கு வாரம் தவறவிட்டவரும் ஐந்தாம் வாரம் சிரமமில்லாமல் உட்காரலாம்.

சேர்த்துக்கொள்ளாத கதைகளும் உண்டு. 2019 டிசம்பரிலும் 2020 ஜனவரியிலும் வந்த 'க்ரைஸிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' ஒரே கதை, ஐந்து பகுதி. ஐந்தும் ஐந்து தனித்தனித் தொடர்களில் வந்தன. ஃபிளாஷை மட்டும் பார்த்து வந்தவருக்குக் கிடைத்தது மூன்றாம் பகுதி. முன்னும் பின்னும் புரிய 'சூப்பர்கேர்ள்', 'பேட்வுமன்', 'ஆரோ', 'லெஜண்ட்ஸ் ஆஃப் டுமாரோ' எல்லாவற்றையும் தேட வேண்டும். வியாபாரத்துக்கு இது நல்ல யோசனையாக இருக்கலாம். நாள் கணக்குக்கு டேட்டா போடுகிற வீட்டுக்கு இது அநியாயம்.

இந்தியாவின் 'சக்திமான்' எதிர்ப் பக்கம் சாய்ந்தது. 1997 முதல் 2005 வரை தூர்தர்ஷனில் முகேஷ் கன்னா நடித்த அந்தத் தொடரில், அசட்டுப் பத்திரிகைப் படப்பிடிப்பாளர் கங்காதர்தான் வீரன் என்பதைப் புரிந்துகொள்ளப் பழைய அத்தியாயம் எதுவும் தேவையில்லை. கடைசியில் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் புத்திமதியைச் சகித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

தமிழிலேயே நீளமான வீரகதைக்குப் பஞ்சமில்லை. தோட்டங்களில் கூத்தாக ஆடப்படும் பொன்னர் சங்கர் கொங்கு நாட்டில் 18 இரவு பாடப்பட்ட கதை. 1965இல் கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக் அப்படி ஒரு முழுப் பாடலை ஒலிப்பதிவு செய்தார். பின்னாளில் அதே கதையை 26 பகுதி அசைபடத் தொடராகவும் ஆக்கினார். பகுதி அரை மணி என்றால் மொத்தம் பதின்மூன்று மணி நேரம். ஃபிளாஷின் முதல் பருவத்தை விடக் குறைவு. இரட்டை வீரர்கள், அவர்களைக் காக்கும் தெய்வத் தன்மையுள்ள தங்கை, பயங்கரக் காட்டுப் பன்றி எல்லாம் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடு முதலில் இதைத் தேடிப் பார்ப்பது நல்லது.

ஆங்கிலத் தொடர்தான் வேண்டும் என்பவர் ஸ்மால்வில்லின் முதல் மூன்று பருவங்களில் எங்கு வேண்டுமானாலும் நுழையலாம். ஃபிளாஷை முதல் இரண்டு பருவத்தோடு நிறுத்தினால் பெரிய இழப்பில்லை. எண்ணிக்கை குறைவு என்பதற்காக 'டேர்டெவில்'லை எடுப்பவர் மட்டும் யோசிக்க வேண்டும். 2015 முதல் 2018 வரை மூன்று பருவம், 39 அத்தியாயம்தான். ஆனால் ஒன்றைத் தவறவிட்டாலும் நூல் அறுந்துவிடும். இரண்டாம் அத்தியாயத்துத் தாழ்வாரச் சண்டை தொலைக்காட்சியில் வந்த மிகச் சிறந்த சண்டைகளில் ஒன்று, இரத்தமும் அதே அளவுக்கு உண்டு. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் பிள்ளைகளும் ஒன்றாகப் படுக்கிற வீட்டில் அது பொதுத் தொலைக்காட்சிக்கு ஏற்ற தொடர் அல்ல.