வினாவில்லாத ஆய்வரங்கு

வேப்பம்பட்டில் எங்கள் தெருவில் வாழும் அன்பர் ஒருவர், காக்களூர்த் தொழிற்பேட்டையில் பணிபுரிபவர், ஒருநாள் மஃரிபுக்குப் பின் பன்னிரண்டு பக்கக் கட்டுரை ஒன்றைக் கொணர்ந்து என் கையில் தந்தார். "மகள் எழுதியது, ஹஜ்ரத். சென்னையில் ஆய்வரங்கில் படிக்கப் போகிறாள். அரபுச் சொற்கள் பிழையின்றி உள்ளனவா என்று மட்டும் பாருங்கள்" என்றார். அவர் குடும்பத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சென்ற முதல் பிள்ளை அம்மகள். தந்தையார் கேட்டது சொற்களைப் பற்றி மட்டுமே. யான் கட்டுரை முழுவதையும் படித்தேன். பின்னர் அவர்கள் அழைக்கவே அரங்கிற்கும் உடன் சென்றேன். அக்கட்டுரை, அவ்வரங்கு இரண்டையும் பற்றியது இவ்விமரிசனம்.

கட்டுரையின் பொருள் 'ஆயிர மசலா என்று வழங்கும் அதிசய புராணம்'. இன்று முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் மிகப் பழையதென எண்ணப்படுவது. செய்கு இசுஹாக் என்னும் இயற்பெயருடைய வண்ணப்பரிமளப் புலவர் பாடி, 1572ஆம் ஆண்டு மதுரையில் அரங்கேற்றியது. யூத அறிஞராயிருந்து இஸ்லாத்தைத் தழுவிய அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள் வினவ, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளிப்பதாக அமைந்த நூல். அரபியில் தோன்றி, பாரசீகம், மலாய், சாவகம் எனப் பல மொழிகளுக்குப் பரவிய வினாவிடை மரபின் தமிழ்க்கிளை அது. 12ஆம் நூற்றாண்டிலேயே இம்மரபு இலத்தீனையும் எட்டிவிட்டது.

இளம் ஆய்வாளர் இத்தகைய நூலைத் தேர்ந்ததே பாராட்டிற்குரியது. நம் ஆய்வரங்குக் கட்டுரைகளுள் பெரும்பாலன சீறாப்புராணத்தின் மூன்று காண்டங்களுக்குள்ளேயே சுற்றி வருகின்றன. அதிலும் கதையைச் சுருக்கிச் சொல்லி, உவமைகளை எண்ணி, 'இவ்வாறு புலவர் சிறப்புறப் பாடியுள்ளார்' என்று முடிப்பனவே மிகுதி. இக்கட்டுரை அவ்வழிச் செல்லவில்லை. அரபுச் சொற்கள் தமிழோசைக்கு இணங்கி மாறும் முறையை ஆராய்ந்த பகுதி நன்று. 'மஸ்அலா' என்பதிலுள்ள ஹம்ஸா ஒலி மறைந்து 'மசலா' என நின்றதை அவள் விளக்கியிருந்த விதம், அரபு பயின்ற எனக்கே மகிழ்வூட்டியது.

குறை இரண்டு. 1572 என்னும் ஆண்டை அவள் ஓர் இலக்கிய வரலாற்று நூலிலிருந்து எடுத்திருந்தாள். "இவ்வாண்டுக்கு ஆதாரம் நூலின் உள்ளேயா, பதிப்பாளர் முன்னுரையிலா?" என்று கேட்டேன். விடையில்லை. மதரஸாவில் வாதமுறை கற்பிக்கும் 'ரஷீதிய்யா'வைப் பயின்றோர் அறிவர்: ஒருவர் பிறர் கூற்றை எடுத்துரைத்தால், அவரிடம் முதலில் கேட்கத்தக்கது 'தஸ்ஹீஹுந் நக்ல்', எடுத்துரைத்தது மெய்யென நிறுவுதல். அவரே ஒன்றைச் சாதிப்பாராயின் அப்போது கேட்கத்தக்கது சான்று. இவ்விரண்டையும் கலத்தலாகாது. அப்பெண் இரண்டு வாரம் நூலகங்களுக்கு அலைந்து, தான் நேரிற் கண்ட பதிப்பின் பக்க எண்ணோடு அவ்வரியைத் திருத்தி வந்தாள்.

மற்றொரு குறை, முடிவுரை. ரொனித் ரிச்சி என்னும் அறிஞர் இந்நூலின் சாவக, மலாய், தமிழ் வடிவங்களை ஒப்பிட்டு ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வு 2011ஆம் ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பாக வெளிவந்தது. இவளுடைய முடிவுகள் யாவும் அவருடைய முடிவுகளின் வழிமொழிதலாகவே இருந்தன. இதற்கு அவளை மட்டும் நோவது முறையன்று. பிற நாட்டார் ஒருவர் மும்மொழி நூல்களையும் கற்று வந்து இந்நூலை உலகோர்முன் வைத்திருக்கிறார். நம்மிலோ தமிழ்த்துறையில் இருப்போர்க்கு அரபி இல்லை. அரபி அறிந்த நாங்கள் ஆய்வரங்குகளின் வாயிலை மிதிப்பதில்லை. எனக்கும் அழைப்புகள் வந்ததுண்டு. வகுப்பைக் காரணம் காட்டித் தவிர்த்ததும் உண்டு.

இனி அரங்கு. பத்து மணிக்குத் தொடங்க வேண்டிய தொடக்கவிழா பதினொன்றுக்குத் தொடங்கிற்று. வரவேற்புரை, வாழ்த்துரைகள், பொன்னாடைகள், நினைவுப் பரிசுகள் எனப் பகல் ஒரு மணியைக் கடந்தது. உணவுக்குப் பின் அப்பெண்ணின் அமர்வில் பதினான்கு கட்டுரையாளர்கள். கிடைத்த நேரம் ஒன்றரை மணி. பத்து நிமிடம் என்று அறிவித்திருந்தது ஐந்தாகக் குறைக்கப்பட்டது. பலர் முதற்பக்கத்தை விரைந்து படித்து, 'எஞ்சியவை கட்டுரையில் உள்ளன' என்று கூறி இறங்கினர். இவள் ஹம்ஸாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோது மணி ஒலித்தது. வினா எழுப்ப ஒருவர் கையுயர்த்தினார். "நேரமின்மையால் ஐயங்களைத் தேநீர் இடைவேளையில் தனியே கேட்டுக் கொள்ளலாம்" என்றார் தலைவர். வினாக்களாலேயே கட்டப்பட்ட நூலைப் பற்றிய கட்டுரைக்கு ஒரு வினாவுக்கும் இடமில்லாது போயிற்று!

மாலையில் சான்றிதழும் கட்டுரைத் தொகுப்பும் வழங்கினர். அட்டை அழகு, பன்னாட்டுத் தர நூல் எண்ணும் உண்டு. உள்ளே பிரித்தால், இவள் கட்டுரை நெடுகிலும் 'ஆயிர மசலா' என்பது 'ஆயிர மசாலா' என்றே அச்சாகியிருந்தது. தந்தையார் அதைக் கண்டு வாடிப் போனார். சமையற்கட்டின் மசாலா, 'மஸாலிஹ்' என்னும் அரபுச் சொல்லின் வழி வந்தது. அதன் வேர் வேறு. நூற்பெயரின் மசலாவோ, வினா என்னும் பொருள்தரும் 'சுஆல்' பிறந்த அதே வேரிற் பிறந்தது. அமர்வில் எவரேனும் ஒரு கேள்வி கேட்டிருந்தால், தொகுப்பாளர் எவரேனும் மெய்ப்பை ஒருமுறை படித்திருந்தால், இது நேர்ந்திராது.

முன்னைய மாநாடுகள் யாவும் குறையற்றவை என்று யான் சொல்லவரவில்லை. 1973இல் திருச்சியிலும், 1978இல் காயல்பட்டினத்திலும், 1979இல் கொழும்பிலும், 1990இல் கீழக்கரையிலும் கூடிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடுகளிலும் புகழுரைக்குப் பஞ்சமிருந்திராது. மாநாடு என்றாலே நம்மவர்க்கு மேடை வேண்டும். ஆயினும் அவற்றின் பின்னே, இத்துறை என ஒன்று உண்டு என்று கல்வியுலகம் ஏற்றாக வேண்டும் என்னும் தவிப்பு இருந்தது. ம. முகம்மது உவைஸ் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டத்திற்காக ஆராய்ந்தவை 1953இல் நூலாக வந்தபோது, தமிழுக்கு முஸ்லிம்களின் பங்கு என்பதே பலருக்குப் புதுச்செய்தி. பின்னாளில் அவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பேராசிரியராக அமர்ந்தார். இன்று அத்தவிப்பின் இடத்தைச் சான்றிதழ் பிடித்துக்கொண்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிகள், ஆய்வேட்டை அளிக்குமுன் ஆய்விதழில் ஒரு கட்டுரையும் கருத்தரங்குகளில் இரு கட்டுரை வாசிப்பும் வேண்டுமெனக் கட்டாயமாக்கின. 2022ஆம் ஆண்டு விதிகளில் அக்கட்டாயம் நீங்கிற்று. பழக்கம் நீங்கவில்லை.

அரங்கேற்றம் என்ற சொல் நம்மிடம் உண்டு. அவையோர் தடை எழுப்ப, நூலாசிரியன் விடை சொல்லி நிற்பதே அதன் உயிர். மதுரை அவையில் வண்ணப்பரிமளப் புலவர் ஐந்து நிமிடத்தில் மணியடித்து இறக்கப்பட்டிருப்பாரா? மகளை ஆய்வுக்கு அனுப்பும் பெற்றோர் பலர் இப்பக்கங்களைப் படிக்கிறீர்கள். அவள் சான்றிதழோடு திரும்பும்போது, "உன்னை என்ன கேட்டார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள்.

இவளைக் கேட்டவர் ஒருவர் இருந்தார். கையுயர்த்தி அமர்த்தப்பட்ட அவரே, ஓய்வுபெற்ற தமிழாசிரியராம், தாழ்வாரத்தில் எங்களை நிறுத்தினார். "வினாவிடை நூலுக்குப் புலவர் ஏன் அம்மா புராணம் என்று பெயரிட்டார்?" என்றார். அவளால் சொல்ல இயலவில்லை. சான்றிதழ் உறையின் பின்புறத்தில் அக்கேள்வியை எழுதிக்கொண்டாள்.

சென்ட்ரலில் ரயிலேறியது முதல் அவளுக்கு வேறு பேச்சில்லை. ஆவடி கடந்ததும், "ஹஜ்ரத், தமிழ்ப் புராணங்களில் நைமிசாரணிய முனிவர்கள் வினவச் சூதர் விடையிறுப்பதாகத்தானே கதை தொடங்குகிறது? வினாவிடை என்றால் அக்காலத் தமிழவைக்கு அதுதான் தெரிந்த வடிவமோ?" என்றாள். திகைத்துப் போனேன். எனினும் வாதமுறை விடுமா? "இது எடுத்துரைப்பன்று, உன் சாதிப்பு. சான்று எந்தப் பாடலில்?" என்றேன். உமறுப் புலவர் சீறாவுக்குப் புராணம் எனப் பெயரிட்டது ஒரு நூற்றாண்டிற்குப் பின்னர் அன்றோ என்று அவள் எதிர்த்தாள். அது வரலாறு, இது வினாவிடை, இரண்டும் ஒன்றாகா என்று யான் மறுத்தேன். திருநின்றவூர் வந்ததும் நாங்கள் அறியோம். வேப்பம்பட்டில் இறங்கவேண்டும் என்று தந்தையார்தான் எழுப்பினார்.

வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின், பாயிரப் பகுதியின் படியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.