எஃப்.சி.க்கு முன் இண்டிகேட்டர்: பிளாஷரா, பல்பா, எர்த்தா?

எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டப் போகும் வண்டியில் இண்டிகேட்டர் சரியில்லை என்று சொன்னால், ஒர்க்‌ஷாப்பில் பெரும்பாலும் கிடைக்கும் முதல் பதில், "பிளாஷர் போயிருக்கும், மாத்திடலாம்" என்பது. எதையும் கழற்றாமல், மீட்டர்கூட வைக்காமல், இந்தப் பதிலைச் சோதித்துவிடலாம். இண்டிகேட்டரை விட்டு விட்டு எரிய வைக்கும் பிளாஷர் இரண்டு பக்கத்துக்கும் பொது. இடது பக்கம் ஒழுங்காக எரிந்து வலது பக்கம் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டால், பிளாஷர் மேல் பழி போட இடமே இல்லை. குறை வலது பக்கத்துப் பல்பிலோ ஹோல்டரிலோ வயரிலோதான் இருக்கிறது.

அந்தப் படபடப்பு வண்டியே கொடுக்கும் தகவல். சாதாரணக் காரில் ஒரு பக்கத்துக்கு முன்னும் பின்னும் 21 வாட் பல்பு ஒவ்வொன்று, பக்கவாட்டில் 5 வாட் ஒன்று, ஆக 47 வாட். 12 வோல்ட்டில் ஏறக்குறைய 4 ஆம்பியர் ஓடும். எலக்ட்ரானிக் பிளாஷர் இந்தக் கரண்டைக் கவனித்துக்கொண்டே இருக்கும். ஒரு 21 வாட் பல்பு போய்விட்டால் கரண்ட் பாதியை ஒட்டி இறங்கிவிடும். உடனே அது வேகத்தைக் கூட்டி டிரைவரை எச்சரிக்கிறது. 21 வாட் இருக்க வேண்டிய இடத்தில் 10 வாட் பல்பைச் செருகினாலும், ஹோல்டரில் களிம்பு ஏறிக் கரண்ட் தடைபட்டாலும் இதேதான் நடக்கும். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 102-ஆவது விதி, இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முறைக்குக் குறையாமலும் 120 முறைக்கு மிகாமலும் அடிக்க வேண்டும் என்கிறது. கால் நிமிடம் எண்ணினால் 15-லிருந்து 30-க்குள் வர வேண்டும். ஆக அந்த வேகம் நோயைக் காட்டும் அடையாளமாகவும் இருக்கிறது, எஃப்.சி.யில் மாட்டிக்கொள்ளும் காரணமாகவும் இருக்கிறது. காரணத்தை விட்டுவிட்டு வேகத்தை மட்டும் அடக்கும் வேலைகளுக்கு ஆசை பிறப்பது இங்கேதான்.

பிளாஷரைச் சந்தேகிக்க நியாயமான நேரமும் உண்டு. இரண்டு பக்கமும் அடிக்கவில்லை, ஹசார்டும் அடிக்கவில்லை என்றால் முதலில் பியூஸ், அடுத்து பிளாஷர். ஹசார்ட் வேலை செய்து இண்டிகேட்டர் மட்டும் செத்திருந்தால் இண்டிகேட்டரின் தனி பியூஸையும் ஸ்டியரிங் அடியில் உள்ள காம்பினேஷன் சுவிட்சையும் பார்க்க வேண்டும். பழைய கார்கள் பலவற்றில் இண்டிகேட்டருக்கான சப்ளையே ஹசார்ட் சுவிட்ச் வழியாக வருகிறது. அதை நாலைந்து முறை அமுக்கினால் உயிர் வரலாம். உயிர் வந்தால் சுவிட்சின் உள்ளே காண்டாக்ட் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதை அப்படியே விட்டுவிட்டு எஃப்.சி.க்குப் போவது சரியல்ல. புதிய கார்களில் தனி பிளாஷரே இருப்பதில்லை. பாடி கண்ட்ரோல் மாட்யூல் அந்த வேலையைச் செய்கிறது, 'டிக் டிக்' சத்தம் டாஷ்போர்டு மீட்டரில் உள்ள சின்ன ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. அந்த வண்டிக்கும் பிளாஷரை மாற்றச் சொல்பவர் வண்டியைப் பார்க்காமல் பேசுகிறார்.

பல்பைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்ப்பதற்கு இணையான சோதனை இல்லை. கண்ணாடி கருத்திருக்கிறதா, இழை அறுந்திருக்கிறதா என்பதோடு நிறுத்திவிடுகிறோம். அடிப்பக்கத்து ஈயப் பொட்டையும் பார்க்க வேண்டும். அது நசுங்கித் தட்டையாகியிருந்தால் ஹோல்டரின் நாக்கு அதை எட்டாது, குண்டு குழியில் இறங்கும்போது மட்டும் விளக்கு அணையும். ஹோல்டருக்குள் பச்சை பூத்திருந்தால் உப்புத்தாளை ஒரு குச்சியில் சுற்றித் தேய்க்க வேண்டும். வெள்ளை லென்ஸ் உள்ள காருக்கு மஞ்சள் பூச்சுப் போட்ட பல்பு. அதன் இரண்டு பின்களும் நேர் எதிரெதிரே இல்லாமல் சற்றுத் தள்ளி இருக்கும், வெறும் வெள்ளைப் பல்பு அதில் ஏறக் கூடாது என்பதற்காக. அந்தப் பின்னை அரத்தால் ராவிவிட்டு வெள்ளைப் பல்பைத் திணிக்கிறார்கள். இண்டிகேட்டர் வெள்ளையாக எரிந்தால் பகல் வெயிலில் அது எரிகிறதா இல்லையா என்றே பின்னால் வருபவருக்குத் தெரியாது.

ஆனால் அதிகம் ஏமாற்றுவது எர்த். பின்விளக்குத் தொகுதியில் பார்க், பிரேக், இண்டிகேட்டர் மூன்றும் ஒரே எர்த்தில் சேர்வது வழக்கம். கடற்கரை ஊர்களில் அந்த இணைப்புத் துருவேறிவிட்டால், கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் பக்கத்துப் பல்பின் வழியாகப் போகும். தனித்தனியாகப் போட்டால் எல்லாம் எரிவது போலவே இருக்கும். பார்க் விளக்கைப் போட்டு, பிரேக்கை மிதித்து, இண்டிகேட்டரையும் சேர்த்துப் போடுங்கள்: பிரேக் விளக்கு இண்டிகேட்டரோடு சேர்ந்து மங்கி மங்கி எரிந்தால் குற்றவாளி எர்த். விளக்குகள் எரியும்போதே மல்டிமீட்டரின் ஒரு முனையை பாட்டரி நெகடிவிலும் இன்னொன்றை விளக்கின் எர்த் முனையிலும் வைத்தால் 0.2 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு இறுக்க வேண்டும். பல்பு, பிளாஷர், சுவிட்ச் என்று வரிசையாகப் பணம் போட்டும் தீராத கோளாறு பலவற்றின் விடை இந்த ஒரு போல்ட்டில் இருக்கும்.

எல்.இ.டி. மாற்றத்தை நிதானமாக எடைபோட வேண்டும். அது உடனே எரிகிறது, அதிர்வைத் தாங்குகிறது, நீண்ட நாள் உழைக்கிறது. கம்பெனியிலேயே அதற்கென வடிவமைத்து வரும் விளக்கைப் பற்றி எனக்கு எந்த மறுப்பும் இல்லை. பழைய ஹோல்டரில் செருகும் எல்.இ.டி. வேறு கதை. அது இழுப்பது 2, 3 வாட்தான். பல்பு போய்விட்டதாக நினைத்து பிளாஷர் வேகமாக அடிக்கும். இதற்கு மருந்தாக 6 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்துவிடுகிறார்கள். எஞ்சின் ஓடும்போது அது ஒவ்வொரு அடிப்பிலும் 30 வாட்டை வெறும் சூடாக்குகிறது. ஹசார்ட் போட்டு ரோட்டோரம் அரை மணி நேரம் நின்றால், பக்கத்து பிளாஸ்டிக்கையும் வயர் உறையையும் சுடும் அளவுக்குப் போகும். அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. நாளைக்கு அந்த எல்.இ.டி. செத்துவிட்டாலும் ரெசிஸ்டர் கரண்டை இழுத்துக்கொண்டே இருக்கும். டாஷ்போர்டில் தாளம் தப்பாது, பின்னால் விளக்கு இருக்காது. வேகம் மாறாத எலக்ட்ரானிக் பிளாஷரை வாங்கிப் போட்டால் சூடு இல்லை, ஆனால் குருட்டுத்தனம் அதேதான். ரெசிஸ்டர் வைத்த வண்டி எஃப்.சி.யில் தேறிவிடலாம். அதனாலேயே அந்த வேலையை நான் முழுமையாக நிராகரிக்கிறேன்: ஒரு எச்சரிக்கையைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பாஸ் வாங்குவது அது.

எஃப்.சி. சோதனை முறைக்கும் எல்லை உண்டு. பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) பார்ப்பது நின்றுகொண்டிருக்கும் வண்டியை, சில நிமிடங்கள். மழைத் தண்ணீர் லென்ஸுக்குள் இறங்குவதும் குலுக்கலில் ஹோல்டர் தளர்வதும் அப்போது தெரியாது. வாடகைக் காருக்கு முதல் எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்குப் பின் ஆண்டுதோறும் எஃப்.சி. வருகிறது. சொந்தக் காருக்கோ பதிவான 15 ஆண்டுகள் கழித்துத்தான் புதுப்பிப்பு, பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை. இடைப்பட்ட அத்தனை காலமும் அந்த விளக்கைச் சோதிக்கும் பொறுப்பு உரிமையாளர் ஒருவருடையதுதான். அதற்கு மீட்டர்கூட வேண்டாம். இருட்டிய பிறகு வண்டியின் பின்பக்கத்தைச் சுவர் பக்கம் திருப்பி நிறுத்தி, பார்க், பிரேக், இண்டிகேட்டர் மூன்றையும் சேர்த்துப் போட்டு, சுவரில் விழும் வெளிச்சத்தைக் கால் நிமிடம் எண்ணினால் போதும்.