சராசரியும் வகைமாதிரியும்: கரவெட்டிக் கல்வி பற்றிய ஒரு நோக்கு

சராசரி மனிதன் வேறு, வகைமாதிரிப் பாத்திரம் வேறு என்பதை ஜோர்ஜ் லூக்காச் வற்புறுத்தினார். சராசரி முரண்பாடுகளை மழுங்கடிப்பது. வகைமாதிரியோ ஒரு காலகட்டத்தின் முரண்பாடுகள் குவிந்து வெளிப்படும் இடம். இவ்வேறுபாட்டைக் கல்விப் புள்ளிவிபரங்களுக்கும் பிரயோகிக்கலாமென நாம் கருதுகிறோம்.

1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில், பேராதனைப் பொறியியற் கல்விக்குச் சிங்கள மொழிமூல மாணவர் 227 புள்ளிகளும் தமிழ் மொழிமூல மாணவர் 250 புள்ளிகளும் பெறவேண்டியிருந்தது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. மொழியடிப்படையிலான தரப்படுத்தலின் அநீதி மறுக்கத்தக்கதன்று. ஆயின் அதனை எதிர்த்தோருட் பலரும் 'யாழ்ப்பாணத்தின் கல்விச் சிறப்பு' என்னும் சராசரியையே தம் வாதத்திற்கு அடிப்படையாகக் கொண்டனர். மாவட்டத்தினுள்ளே கிடந்த வர்க்க, சாதி ஏற்றத்தாழ்வு இரு தரப்பாரின் கணக்கிலும் மறைந்தது.

கரவெட்டியின் வரலாறு அச்சராசரியை உடைப்பது. ஒடுக்கப்பட்ட மக்களின் கல்விக்காகச் சூரன் 1914இல் தேவரையாளியில் பாடசாலை நிறுவ வேண்டிய தேவை ஏன் எழுந்தது? 1930 அளவில் சம ஆசனம் வழங்கப்பட்டபோது, குடாநாட்டில் சில பாடசாலைகள் எரிக்கப்பட்டது ஏன்? எழுத்தறிவு வீதம், தரையில் இருந்து கற்ற பிள்ளையையும் வாங்கில் இருந்து கற்ற பிள்ளையையும் ஓரெண்ணாகவே எண்ணியது. அவ்வெண் சொல்லாததைக் கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) போன்ற நாவல்கள் சொல்ல வேண்டியிருந்தது. 1945இன் இலவசக் கல்வி கட்டணத்தை நீக்கியது, வறுமையை நீக்கவில்லை.

இதனால் எண்களையே நிராகரிக்க வேண்டுமென்பதன்று. தொழிற்சாலைப் பரிசோதகர்களின் அறிக்கைகளை மார்க்ஸ் 'மூலதன'த்தில் விரிவாகப் பயன்படுத்தினார். எண் யாருக்காகத் திரட்டப்படுகிறது என்பதே வினா. பரீட்சைக்குத் தோற்றியோருள் இத்தனை வீதத்தினர் சித்தியடைந்தனரென்னும் கணக்கில், தோற்றாமலே விலகிய பிள்ளைக்கு இடமில்லை. பலவீனமான மாணவர் விலகினால் வீதம் உயரவுங் கூடும்! பாடசாலைகளை வரிசைப்படுத்துதல் இவ்வாறு விலக்கலுக்கே ஊக்கமளிக்கிறது.

மாறாக, வகைமாதிரியை நோக்கிய கணக்கு ஒன்றுண்டு. அதற்கான மூலம் வகுப்பாசிரியரின் வரவுப் பதிவேடே. ஒரே பிள்ளையைத் தவணைதோறும் தொடர்ந்து நோக்குதல். வரவு குறைந்ததற்குப் பசியா, கூலிவேலையா, அவமதிப்பா காரணம் என வினவுதல். கற்பித்தலிலோ உதவியிலோ ஒரு மாற்றத்தைச் செய்தல். அடுத்த தவணையில் அதன் விளைவைச் சோதித்து, பயன் தராததைக் கைவிடுதல். கோட்டம், வலயம் ஆகிய மட்டங்களில் ஆசிரியரும் வளமும் பகிரப்படுவதற்கு இக்கணக்கே அடிப்படையாதல் வேண்டும். வளம் கூடாது, எண் மட்டும் கூடுமாயின், அது ஆசிரியர்மீது பழி சுமத்தும் கருவியாகவே முடியும்.

யாழ்ப்பாணக் கல்வியின் தரத்தை அதன் மருத்துவர், பொறியியலாளர் தொகையால் அளந்தமை ஒரு வர்க்கத்தின் அளவுகோல். இடையில் விலகும் பிள்ளையிலிருந்து அளக்கத் தொடங்குவதே மக்கள் கல்வியின் அளவுகோலாகும்.