முன்மடலின் எல்லைகளைப் பார்க்கப் பழகுவது

மூளையின் முன்மடலைக் காட்டும் படத்தில் ப்ரீமோட்டார், ப்ரீஃப்ரன்டல், ஆர்பிட்டோஃப்ரன்டல், வென்ட்ரோமீடியல் என்று பெயர்கள் நெருக்கியடித்து நிற்கும். இவை எல்லாம் இருப்பிடத்தை மட்டுமே சொல்பவை. அதனால் மனப்பாடம் செய்தவருக்கும் சில நாளில் குழம்பிவிடும். அந்த இடம் எத்தகைய செல்களால் ஆனது, கெட்டுப்போனால் மனிதரிடம் எது குறைகிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அப்போதுதான் ஒவ்வொன்றும் தனி முகத்தோடு தெரியத் தொடங்கும்.

உச்சந்தலையிலிருந்து காதை நோக்கி இறங்கும் நடுப்பள்ளத்தில் பார்வையைத் தொடங்குங்கள். அதற்கு முன்னால், பக்கவாட்டுப் பள்ளத்துக்கு மேலே இருப்பது முன்மடல்தான். பள்ளத்தை ஒட்டிய பட்டை முதன்மை மோட்டார் புறணி. அதற்கு முன்னே ப்ரீமோட்டார். அதையும் தாண்டி நெற்றி எலும்பு வரை ப்ரீஃப்ரன்டல். 'ப்ரீ' என்று தொடங்கும் இந்த இரண்டும் அடுத்தடுத்து இருந்தாலும் அமைப்பில் வேறானவை என்பதை நுண்ணோக்கி காட்டிக்கொடுக்கிறது. புறணிக்குப் பொதுவாக ஆறு அடுக்குகள். மூளையின் ஆழத்திலுள்ள தலாமஸிலிருந்து வரும் செய்திகளை வாங்கும் நான்காவது அடுக்கில் மணிமணியான சிறு செல்கள் அடர்ந்திருக்கும். ப்ரீஃப்ரன்டலின் பெரும்பகுதியில் இந்த அடுக்கு தெளிவாகத் தெரியும். பின்னோக்கி வர வர மெலிந்து, மோட்டார் புறணியில் ஏறத்தாழ மறைந்துவிடும். அங்கே ஐந்தாவது அடுக்கில், 1874இல் விளாதிமிர் பெட்ஸ் விவரித்த மாபெரும் செல்கள் தண்டுவடம் வரை இழைகளை நீட்டியிருக்கின்றன. இத்தகைய வேறுபாடுகளைக் கொண்டே கோர்பினியன் பிராட்மன் 1909இல் புறணியைப் பிரித்து எண்ணிட்டார்: மோட்டாருக்கு 4, ப்ரீமோட்டாருக்கு 6, ப்ரீஃப்ரன்டலின் மேற்பக்கவாட்டுக்கு 9, 46. நூறாண்டுக்கு மேலாகியும் அந்த எண்கள் புழக்கத்தில் இருப்பதே அவருடைய கண்ணின் கூர்மைக்குச் சான்று.

இந்த எல்லைகள் மூளையின் மேற்பரப்பில் தெரிவதில்லை, ஆளுக்கு ஆள் நகர்கின்றன, எந்தச் செயலிலும் பல பகுதிகள் சேர்ந்தே இயங்குகின்றன; பிறகு ஏன் பிரிக்க வேண்டும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ப்ரீஃப்ரன்டலின் அடிப்பகுதியைச் சேர்ந்த வென்ட்ரோமீடியலும் ஆர்பிட்டோஃப்ரன்டலும் ஓரளவு ஒன்றின்மேல் ஒன்று படிந்தவை. ஆய்வாளர்களே அவற்றின் பரப்பை ஒரேமாதிரி வரைவதில்லை. ஆனால் திணைகள் மயங்கும் இடம் உண்டு என்பதால் குறிஞ்சியும் நெய்தலும் ஒன்றாகிவிடுவதில்லை. கூடி வேலை செய்வதும் ஒரே வேலையைச் செய்வதும் வேறு வேறு.

காயங்கள் இதைத் தெளிவாக்குகின்றன. மோட்டார் புறணி கெட்டால் உடலின் எதிர்ப்பக்கம் வலுவிழக்கும். ப்ரீமோட்டார் கெட்டால் வலு பெருமளவு இருந்தும் அசைவுகளைக் கோவையாகச் செய்வது தடுமாறலாம். ப்ரீஃப்ரன்டலுக்குள்ளேயே இன்னும் நுட்பமான பிரிவு இருக்கிறது. உண்மையில் ரசிக்க வேண்டியது அதைத்தான். விதி சொல்லாமல் மாறிக்கொண்டேயிருக்கும் சீட்டுப் பிரிக்கும் சோதனையில், மேற்பக்கவாட்டுப் பகுதி நீக்கப்பட்டவர்கள் பழைய விதியையே பிடித்துக்கொள்வதை பிரெண்டா மில்னர் 1963இல் காட்டினார். 1985இல் எஸ்லிங்கரும் டமாசியோவும் விவரித்த நோயாளிக்கோ, கட்டியை நீக்கும் அறுவையில் கண்குழிக்கு மேலுள்ள அடிப்பகுதி இருபுறமும் சேதமானது. அவர் அதே சீட்டுச் சோதனையில் தேறினார். அறிவுத்திறன் சோதனையிலும் உயர்ந்த மதிப்பெண். ஆனால் வேலைகளை இழந்தார், மணவாழ்க்கை குலைந்தது, எந்த உணவகத்துக்குப் போவது என்று தீர்மானிக்கவே மணிக்கணக்கில் திணறினார். இருவகைப் பாதிப்பும் ப்ரீஃப்ரன்டல்தான். ஆகவே 'ப்ரீஃப்ரன்டல் தூண்டப்பட்டது' என்று எங்காவது படித்தால், பக்கவாட்டா அடிப்பகுதியா என்று படத்தில் தேடிப் பாருங்கள்.