சூரைச்செடி நிழலும் இளைஞர் நலமும்

இளைஞரை நோக்கி எழுதப்பெறும் அறிவுரை நூல்களுக்குத் தமிழில் என்றும் பஞ்சம் இருந்ததில்லை. அவற்றுள் கிறிஸ்தவத் தமிழர் எழுதியவையும் சிலவல்ல. ஞாயிற்றுப் பள்ளியின் பரிசளிப்பு நாளிலும், வாலிபர் முகாமின் இறுதி நாளிலும், திடப்படுத்தல் வழிபாட்டின் போதும் இத்தகைய சிறு நூல்கள் நம் பிள்ளைகளின் கைகளுக்கு வந்து சேர்கின்றன. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்த் திருச்சபைகளில் வளர்ந்தோருள் இவற்றில் ஒன்றையேனும் படியாதார் அரியர். ஆயினும் இவை இலக்கியம் என எண்ணப்படுவதில்லை. ஆதலின் திறனாய்வாளர் பெரும்பாலும் இவற்றைத் தொடுவதும் இல்லை. இளைஞர் எந்த நூலைக் கொண்டு தம்மை எடை போடுகின்றனரோ, அந்த நூலை எடை போடாது விடுதல் திறனாய்வுக்கு அழகன்று. அக்குறையைச் சிறிதேனும் நீக்கும் முயற்சியே இக்கட்டுரை.

இந்நூல்களின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. உடல், உள்ளம், ஆன்மா என மூன்று பகுதிகள் இருக்கும். இப்பகுப்பு நல்ல மரபில் வந்ததே. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தை முடிக்கும் பவுல், ஆவி, ஆத்துமா, சரீரம் ஆகிய மூன்றும் குறைவின்றிக் காக்கப்பட வேண்டுமென வேண்டுகிறார். 1844இல் இலண்டனில் ஜார்ஜ் வில்லியம்ஸ் தொடங்கிய கிறிஸ்தவ வாலிபர் சங்கம், பின்னாளில் இம்மூன்றையும் ஒரு முக்கோணமாகத் தன் சின்னத்தில் பொறித்துக்கொண்டது. அச்சின்னத்தை 1891இல் அமெரிக்காவில் வகுத்தவர் லூதர் கியூலிக் என்பவர். கூடைப்பந்தாட்டமும் அதே ஆண்டில், அவர் பணியாற்றிய பயிற்சிப் பள்ளியிலேயே பிறந்தது. சிங்கப்பூரில் 1902இலும் கோலாலம்பூரில் 1905இலும் அச்சங்கம் வேரூன்றியது. 1920இல் சென்னையில் ஹேரி குரோ பக் என்பார் உடற்பயிற்சிக் கல்லூரி ஒன்றை அச்சங்கத்தின் சார்பில் தொடங்கினார். உடலைப் பேணுதலும் இறைப்பணியே என்னும் எண்ணம் இம்முயற்சிகள் அனைத்திற்கும் அடிப்படையாயிற்று.

அந்த முக்கோணத்தின் பக்கங்கள் மூன்றும் சமமானவை. நம் அறிவுரை நூல்களிலோ உடல் என்னும் பக்கம் சுருங்கிப் போயிற்று. அப்பகுதியைத் திறந்தால், குடியாதே, புகையாதே, காணாதே, தொடாதே என்ற விலக்குகளே நிரம்பியிருக்கும். இவை வேண்டாதவை என யாரும் கூறார். ஆனால் எவ்வளவு உறங்க வேண்டும், பசித்தவன் முதலில் என்ன செய்ய வேண்டும், களைத்த நெஞ்சம் யாரிடம் வாய் திறக்க வேண்டும் என்பனவற்றைப் பற்றி ஒரு வரியும் இராது. உடல் பேணப்பட வேண்டிய பொருளாக அன்றி, காவலில் வைக்கப்பட வேண்டிய குற்றவாளியாகவே அங்கு நடத்தப்படுகிறது.

இந்நிலை எவ்வாறு நேர்ந்தது? இரண்டு சொற்களை ஒன்றாகக் குழப்பியதே முதற் காரணம் என்பது என் கருத்து. கிரேக்க மூலத்தில் பவுல் 'சோமா' என்றும் 'சார்க்ஸ்' என்றும் இருவேறு சொற்களை ஆள்கிறார். ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பெற்று 1871இல் வெளிவந்த தமிழ் வேதாகமம் முன்னதைச் 'சரீரம்' என்றும் பின்னதை 'மாம்சம்' என்றும் பெயர்த்து வேறுபாட்டைக் காட்டுகிறது. கொரிந்தியருக்கு எழுதுகையில் பரிசுத்த ஆவியின் ஆலயம் எனப் பவுல் போற்றுவது சரீரத்தை. கலாத்தியருக்கு எழுதுகையில் கடிவது மாம்சத்தின் செயல்களை. அச்செயல்களின் பட்டியலை ஊன்றி நோக்குக. பகை, கோபம், பிரிவினை, பொறாமை என ஏறத்தாழப் பாதி, உள்ளத்தின் குற்றங்களாகவே இருக்கின்றன! கையும் காலும் வயிறும் பொறாமை கொள்வதில்லை. ஆகவே மாம்சம் என்பது இறைவனை மறந்து தன்னையே சுற்றும் மனிதனின் நாட்டத்தைக் குறிக்கிறதேயன்றி, எலும்பும் தசையுமான உடம்பை மட்டும் குறிக்கவில்லை. யோவானோ வார்த்தையானவர் ஏற்றதே மாம்சம் என்று எழுதி, அச்சொல்லுக்கும் ஒரு மாண்பைத் தந்துவிடுகிறார். மொழிபெயர்த்தோர் அரிதின் முயன்று காத்த வேறுபாட்டை அறிவுரை எழுதுவோர் எளிதில் இழந்துவிட்டனர்.

தமிழ் மரபும் இதில் அவர்களுக்குத் துணை நிற்காது. உடம்பை முன்னர் இழுக்கென எண்ணியிருந்த தாம், அதனுள்ளே இறைவன் கோயில் கொண்டிருத்தலைக் கண்டபின் அதனை ஓம்பத் தொடங்கியதாகத் திருமூலர் கூறுகிறார். சமயம் வேறாயினும், உடம்பைக் கோயிலாகக் கண்ட பார்வையில் அவரும் பவுலும் அருகருகே நிற்கின்றனர்.

இரண்டாவது காரணம், வேதாகமக் கதைகளை முழுமையாகப் படியாமை. எலியாவின் கதையை எடுத்துக்கொள்வோம். கர்மேல் மலையில் வென்ற வீரன் என்றே அவரை நம் நூல்கள் இளைஞர்க்கு அறிமுகம் செய்கின்றன. அடுத்த அதிகாரத்தைப் புரட்டுவார் சிலரே. அங்கே அதே எலியா, அரசியின் மிரட்டலுக்கு அஞ்சி ஓடுகிறார். பாலைவனத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் அமர்ந்து, தமக்குச் சாவு வரவேண்டுமென மன்றாடுகிறார். நம் அறிவுரையாளர் ஒருவர் அவ்விடத்தில் இருந்திருப்பின் என்ன சொல்லியிருப்பார்? 'நேற்று வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கண்டாயே, இன்று உன் விசுவாசம் எங்கே?' என்றுதான் கேட்டிருப்பார்.

தூதன் அவ்வாறு கேட்கவில்லை. உறங்கியவரைத் தொட்டு எழுப்பி, உண்ணுமாறு சொல்கிறான். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கின்றன. எலியா உண்டு குடித்து மீண்டும் படுத்துக்கொள்கிறார். அதற்காக அவரை யாரும் கடிந்துகொள்ளவில்லை. தூதன் இரண்டாம் முறையும் வந்து மறுபடியும் உணவைக் காட்டுகிறான். செல்ல வேண்டிய தூரம் மிகுதி என்று மட்டும் சொல்கிறான். உடலின் தேவை இங்கு முதலில் நிறைவு பெறுகிறது.

ஓரேபை அடைந்தபின் உள்ளத்தின் முறை வருகிறது. இறைவன் அவரிடம் ஒரு கேள்வி கேட்கிறார். எலியா தம் ஆற்றாமையைக் கொட்டுகிறார். காற்றும் நிலநடுக்கமும் நெருப்பும் கடந்து மெல்லிய குரல் ஒன்று எழுந்தபின், அதே கேள்வி மீண்டும் கேட்கப்படுகிறது. எலியா அதே விடையை மாற்றமின்றிச் சொல்கிறார். 'இதைத்தான் முன்பே சொன்னாயே' என்று இறைவன் அலுத்துக்கொள்ளவில்லை. இருமுறை சொல்ல விட்டு, இருமுறையும் கேட்கிறார். அதன் பின்னரே ஆன்மாவுக்குரிய அழைப்பு வருகிறது: செய்ய வேண்டிய பணி, எலிசா என்னும் துணை, தனியன் என்று எண்ணியவர்க்கு ஏழாயிரம் பேர் மீந்திருக்கும் செய்தி. உணவும் உறக்கமும் முதலில், செவி சாய்த்தல் அடுத்து, கட்டளை இறுதியில். நம் நூல்கள் கட்டளையில் தொடங்குகின்றன. அடையையும் தண்ணீரையும் அடைவதே இல்லை.

இது தனித்த நிகழ்ச்சியன்று. யவீருவின் மகளை உயிர்ப்பித்த இயேசு, சுற்றி நின்றோர் வியந்து நிற்கையில், அச்சிறுமிக்கு உண்ணக் கொடுக்குமாறு சொல்கிறார். அற்புதத்தைப் பேசுவோர் பலர்; அதன்பின் வந்த சோற்றைப் பேசுவோர் யார்?

மூன்றாவதாக, நம் நூல்கள் எடுத்தாளும் இலக்கியத்தையும் அவை பாதியே படித்திருக்கின்றன. ஜான் பனியன் எழுதி 1678இல் வெளிவந்த மோட்சப் பயணக் கதை தமிழ்க் கிறிஸ்தவருக்குப் புதிதன்று. அதனைத் தழுவியே எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியத்தை நமக்கு அளித்தார். மலையேறும் பயணி வழியிலுள்ள பந்தலில் உறங்கிச் சுருளைத் தொலைத்த பகுதி, சோம்பலுக்கு எச்சரிக்கையாக அடிக்கடி காட்டப்படுகிறது. அப்பந்தலை அமைத்தவர் அம்மலைக்கு உரியவரே என்பதும், களைத்த பயணிகள் இளைப்பாறவே அமைத்தார் என்பதும் சொல்லப்படுவதில்லை. அம்மலைமீது மாளிகை ஒன்று வருகிறது. அங்கே பயணிக்கு உணவளித்து, நல்லுரையாடி, சமாதானம் என்று பெயர் சூட்டிய அறையில் உறங்க வைக்கின்றனர். கதையில் உறக்கம் இரண்டு உண்டு; நம் நூல்கள் அறிந்தது ஒன்றே.

அதே கதையில் நிராசை என்னும் அரக்கன் பயணிகள் இருவரைச் சிறையிடுகிறான். புதன் காலை தொடங்கிச் சனி இரவு வரை அவர்களுக்கு உணவில்லை, நீரில்லை, ஒளியில்லை, நலம் கேட்பாரும் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிருந்த பனியன், மனம் முறிவதன் காரணங்களை எவ்வளவு துல்லியமாக அடுக்கியிருக்கிறார்! உயிரை மாய்த்துக்கொள்ளுமாறு அரக்கன் தூண்ட, மூத்த பயணி தளர்ந்து போகிறான். அவனைக் காப்பது நூலன்று, பிரசங்கமும் அன்று. அருகிலிருந்த நண்பனின் பொறுமையான பேச்சு. விடுதலை தரும் சாவி அவன் மார்பிலேயே இருந்தது உண்மைதான். ஆயினும் அது நினைவுக்கு வரும்வரை அவனை உயிரோடு வைத்திருந்தவன் அந்நண்பனே.

இவ்வாறு பிறரைக் குறை கூறும் எனக்கும் இதில் பங்குண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. பல்லாண்டுகளுக்கு முன் நான் வாலிபர் கூட்டம் ஒன்றை நடத்தி வந்தேன். தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துக்கொண்டு, பகலில் தேர்வுக்குப் படித்து வந்த இளைஞன் ஒருவன் ஒருநாள் என்னிடம் வந்தான். "அண்ணா, ஜெபிக்க உட்கார்ந்தால் அழுகைதான் வருகிறது" என்றான். எவ்வளவு நேரம் உறங்குகிறாய் என்று நான் கேட்கவில்லை. என்னிடமிருந்த அறிவுரை நூலொன்றைக் கொடுத்து, வெள்ளிதோறும் உபவாசம் இருக்கச் சொன்னேன். அவன் கீழ்ப்படிந்தான். இரண்டு மாதங்களில் வேலையிடத்தில் மயங்கி விழுந்தான்.

பார்க்கச் சென்ற என்னை அவன் பாட்டி வாசலிலேயே நிறுத்தினார். "பிள்ளை தூங்கட்டும் தம்பி, பிறகு வாருங்கள்" என்றார். அதற்குமேல் ஒரு சொல்லும் கடிந்து சொல்லவில்லை. ஒரு வாரம் அவனுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, அருகில் அமர்ந்து, அவன் பேசியதையெல்லாம் கேட்டு, பின்னர் மருத்துவரிடமும் அழைத்துச் சென்றார். அவன் மெல்ல மெல்லத் தேறினான். அந்த மூதாட்டிக்கு எழுத்தறிவு இல்லை. சூரைச்செடியின் கீழ் தூதன் செய்த பணியை அவர் செய்தார். அக்கதையைப் பலமுறை மேடையேறிச் சொன்ன நான் செய்யவில்லை.

இங்கு ஒரு தடை எழலாம். தன்னைப் பேணுதல் தன்னலம் ஆகாதா? சிலுவை சுமக்க அழைக்கப்பட்டவன் தன் உறக்கத்தைக் கணக்கிடலாமா? உடற்பயிற்சியின் பயன் அற்பமே என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதையும் சிலர் எடுத்துக் காட்டுவர். அற்பம் என்றது பக்தியோடு ஒப்பிட்டு, இல்லை என்றாரல்லர். அதே நிருபத்தின் அடுத்த அதிகாரத்தில், அந்த இளைஞனின் வயிற்றுக் கோளாற்றையும் அடிக்கடி வரும் பலவீனங்களையும் நினைத்து, அதற்கு மருந்தும் சொல்கிறார். தன்னைப்போல் பிறனை நேசி என்னும் கட்டளை, தன்னை வெறுப்பவனிடம் அளவுகோலை இழந்துவிடும்.

அதே வேளையில், தன்னைப் பேணுதல் என்ற பெயரில் இன்று கடைத்தெருவில் விற்கப்படும் சொகுசையும் நான் பரிந்துரைக்கவில்லை. எலியா சூரைச்செடியின் கீழேயே குடியிருந்துவிடவில்லை. உண்டது நடப்பதற்காக, உறங்கியது எழுவதற்காக. ஓய்வும் பணியும் ஒன்றையொன்று தாங்கும்போதே முக்கோணம் நிலைபெறும்.

இது வெறும் இலக்கிய வாதமன்று, உயிர்கள் சார்ந்தது. சாவைத் தேடும் அளவுக்குத் துயருற்றவரைக் குற்றவாளியாகக் கருதிய சட்டப்பிரிவு சிங்கப்பூரில் 2020இன் தொடக்கத்தில் நீங்கியது. மலேசியாவில் 2023இல் அகற்றப்பட்டது. சட்டமே தண்டனையை விட்டுப் பரிவுக்கு வந்துவிட்டது. 1953இல் இலண்டனில் சாட் வாரா என்னும் குரு, துயருற்றோர்க்கென ஓர் உதவிப் பணியைத் தொடங்கினார். தம்மைக் காணக் காத்திருந்தோருக்குத் தேநீர் கொடுத்து, அவர்கள் பேசுவதைக் கேட்டிருந்த தொண்டர்களே பலருக்குப் போதுமானவராய் இருந்ததை அவர் விரைவில் கண்டுகொண்டார். குருவுக்கு விளங்கிய இவ்வுண்மை, நூல் எழுதும் நமக்கும் விளங்க வேண்டாமா?

இனி இளைஞர்க்கு எழுத முற்படுவோரிடம் ஒன்று வேண்டுவேன். விலக்குகளின் பட்டியலை எழுதுமுன், உண்டாயா, உறங்கினாயா, உன் பேச்சைக் கேட்க யாரேனும் உண்டா என்னும் மூன்று கேள்விகளை முதற்பக்கத்தில் எழுதுங்கள். விடை இல்லை என்றால், எங்கே செல்ல வேண்டும் என்பதை அடுத்த பக்கத்தில் சொல்லுங்கள். ஜெபமும் உபவாசமும் பணியும் அதன்பின் வரட்டும். அவை வருவதற்கு வேண்டிய வலுவும் அப்போது இருக்கும். செல்ல வேண்டிய தூரம் மிகுதி.